முப்பது பேரைத்தான் பார்க்க முடியும்

"வரிசையில முன்னாடி இருக்கிறது எங்கம்மாதானே? அவங்களை ஏன் விடலை?"

செந்தில்நாதன் குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் கோபம் தெரிந்தது. வடக்குத்து கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் இதய மருத்துவ முகாம். பெயர் எழுதிக்கொண்டிருந்த நர்ஸ் அன்புக்கரசி நிமிர்ந்து பார்த்தாள்.

அந்தக் கண்கள்... மழை இறங்கப்போகும் வானத்தின் கறுப்பு. ஒரு கணம், எதற்குக் கோபப்பட்டோம் என்பதே அவனுக்கு மறந்துபோனது.

"டாக்டரு இன்னைக்கு முப்பது பேரைத்தாங்க பாக்க முடியும். வந்திருக்கிறது நூறு பேரு. ரொம்ப முடியாதவங்க முதல்ல... அப்புறம், வேற போக்கிடம் இல்லாதவங்க. உங்களுக்குக் கம்பெனி ஆஸ்பத்திரி இருக்குதுங்களே?"

அவனுக்கு முகம் சிவந்தது. நிலக்கரிச் சுரங்கக் கம்பெனியில் அவன் பர்மனென்ட் இன்ஜினியர். அம்மா தேவயானிக்கு எப்போதாவது வரும் படபடப்புதான். பெயர்பெற்ற டாக்டர் வருகிறார் என்று கம்பெனி டவுன்ஷிப்பிலிருந்து அழைத்து வந்திருந்தான்.

அப்போதுதான் வீரம்மாள் வந்தாள். அதே சுரங்கத்தில் கான்ட்ராக்டில் கூட்டிப் பெருக்கும் வேலை; கம்பெனி ஆஸ்பத்திரி கிடையாது. கால்கள் வீங்கி, பேசவே மூச்சு வாங்கியது. அன்புக்கரசி அவளைக் கையைப் பிடித்து நேராக உள்ளே அழைத்துப் போனாள். பத்தே நிமிடத்தில் ஆம்புலன்ஸ் கடலூருக்குக் கிளம்பியது.

மழை பிடித்துக்கொண்டது. தாழ்வாரத்தில் பக்கத்தில் இருந்தவரிடம் செந்தில்நாதன் பேச்சுக் கொடுத்தான். தனகோட்டி என்று பெயர். விடியற்காலையே வந்துவிட்டாராம். தன் முறை வரவில்லையாம், அடுத்த மாதம் வரச் சொல்லிவிட்டார்களாம்.

"அந்த நர்ஸைக் கேட்டுப் பார்க்கக் கூடாதா?" என்றான்.

அவர் சிரித்தார். "அது எம் பொண்ணுதாங்க. என்னைவிட முடியாதவங்க இருக்காங்கன்னு சொல்லிச்சு. நாயந்தானே?"

துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு அவர் மழையில் இறங்கினார். அவர் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்றாள் அன்புக்கரசி. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டாள். நியாயமாக இருப்பது அவளுக்கு எவ்வளவு வலிக்கிறது என்று செந்தில்நாதனுக்குப் புரிந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மாவை எழுப்பி அழைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் வீடு திரும்பினான்.

அடுத்த முகாமுக்கு அவனே வந்து நின்றான். நடக்க முடியாதவர்களைக் காரில் அழைத்து வந்தான், நாற்காலி சுமந்தான். தனகோட்டியை டாக்டர் பார்த்து, மாத்திரையே போதும் என்றார்.

"நாற்காலி தூக்கறதுலயும் பர்மனென்ட் ஆயிடுவீங்க போல..." என்றாள் அன்புக்கரசி. முதல் சிரிப்பு. அன்று கடைசி நாற்காலியை அடுக்கும்வரை அவன் வீட்டுக்குக் கிளம்பவில்லை.

அவளையே கட்டிக்கொள்ள விரும்புவதாக வீட்டில் சொன்னபோது தேவயானி மறுத்தாள். திருநெல்வேலிப் பக்கம் பெண் பார்த்து வைத்திருந்தாள். அதோடு, "ஏல, நம்மளை வெளிய உக்கார வச்ச பிள்ளையா?" என்றாள்.

"அன்னைக்கு நீ முதல்ல போயிருந்தா, அந்த வீரம்மா உசுரோட இருந்திருக்க மாட்டாங்கம்மா."

தேவயானி ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. மூன்றாவது முகாமன்று, தானும் வருவதாகச் சொல்லிக் காரில் ஏறினாள். அங்கே உடல் தேறிவந்த வீரம்மாளோடு வெகுநேரம் பேசினாள். பிறகு மகனிடம் வந்து, "போய்க் கேளுல" என்றாள்.

வேப்பமரத்தடியில், தூறலில், அவன் தடுமாறினான்.

"அன்புக்கரசி... அன்னைக்குக் கோபத்தோடதான் வந்தேன். உங்க அப்பா நனைஞ்சு போனப்ப உங்க முகத்தைப் பார்த்தேன். அதுலேர்ந்து... நீங்க இல்லாம முடியாதுன்னு தோணுது. அம்மாவும் சம்மதிச்சிட்டாங்க."

அவள் குனிந்து, முந்தானை நுனியை விரலில் சுற்றினாள்.

"ரெண்டு மாசமா, முகாம்னா உங்க கார் வர்ற பக்கமே பாத்துக்கினு இருக்கேங்க..." என்றாள். "இத்தினி பேரு இருக்கச்ச, எப்படிச் சொல்றது?"