சொல்லிக்கொண்டு புறப்பட்ட வீடு

ஒக்ரோபர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், மத்தியானம் இரண்டு மணிக்கு, நாங்கள் மூன்று பேரும் அந்த வீட்டை அடைந்தோம். குளக்கரையில் கறுத்துப்போன ஒரு பழைய மரவீடு. ஒஸ்லோவின் ஓரத்து எல்லிங்ஸ்ருட்டில் எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னாலேயே தொடங்கும் காட்டுக்குள் இரண்டரை மணி நேரம் நடந்திருந்தோம்.

ஒஸ்லோவில் பதினாறு வருடம் இருந்தும் நாங்கள் நோர்வேயைப் பார்த்ததில்லை. லீவு கிடைத்தால் லண்டன், பாரிஸ், ரொறொன்ரோ. எங்கே கலியாண வீடோ அங்கே. ஆனால் விடுமுறை முடிந்ததும் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் தான் எங்கே போனது என்று எழுந்து சொல்ல வேண்டும். எல்லாரும் "ஹித்தா" என்பார்கள். காட்டு வீடு என்று பொருள். ஒன்பது வயதான எங்கள் கம்சிகா இரண்டு வருடமாகக் "கோயிலுக்கு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். அதனால்தான் 2006இல் இந்தப் பயணம்.

இந்த வீடுகள் நடக்கிற விதம் எனக்குப் பிடித்திருந்தது. காவல்காரர் இல்லை. நடைப்பயணச் சங்கத்தில் சேர்ந்தால் ஒரு சாவி தருவார்கள். அந்த ஒரே சாவி பல வீடுகளைத் திறக்கும். நான் லிஃப்ட் திருத்துகிறவன், பூட்டைக் கண்டால் குனிந்து பார்க்காமல் விடமாட்டேன். விறகை நாங்களே பிளக்க வேண்டும், தண்ணீரைக் குளத்தில் அள்ள வேண்டும், புறப்படும்போது வீட்டைக் கூட்டிக் கழுவிவிட வேண்டும்.

"காசும் குடுத்து, வீடும் கழுவோணுமோ?" என்றாள் என் மனைவி ராசமலர். "ஹோட்டல் எண்டு சொல்லித்தானே கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?"

"ஹோட்டல் எண்டு நான் எப்ப சொன்னனான்?"

"சொல்லேல்லைத்தான். சிரிச்சனீங்கள். அது போதாதோ?"

அன்றிரவு ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டு நன்றாகத் தூங்கினோம். எந்தச் சத்தமும் கேட்கவில்லை.

ஞாயிறு காலை குளத்திலிருந்து மூடுபனிப் புகார் எழுந்து ஜன்னல்கள் வெள்ளையாகிவிட்டன. நான் அடுப்புச் சாம்பலை அள்ளினேன். இரும்பு அடுப்புக்கு மேலே குழாயில் ஒரு தட்டு இருக்கும். அதைத் திருகி மூடினால் காற்றோட்டம் நின்று, மிச்சக் கனலும் செத்துவிடும். மூடினேன். கையை வைத்துப் பார்த்தேன். இரும்பு குளிர்ந்திருந்தது.

சின்ன அறையில் கம்சிகா யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள்.

"ஆரோடை கதைக்கிறாய்?"

"அந்த டாமேயோடை." டாமே என்றால் சீமாட்டி.

அறையில் இரண்டு கட்டில்கள் மட்டும் இருந்தன. ஈரக் கம்பளி மணத்தது.

"போறீங்களோ எண்டு கேட்டவ. போட்டு வாறம் எண்டு சொன்னனான். நொர்ஷ்கிலை."

எங்கள் வீட்டில் "போறன்" என்ற சொல்லுக்கு இடமில்லை. குப்பை கொட்டப் போனாலும் "போட்டு வாறன்" என்றுதான் சொல்ல வேண்டும். ராசமலர் அதில் கண்டிப்பு. பிள்ளை அதைச் சொல்லுக்குச் சொல் நோர்வேஜிய மொழியில் மாற்றியிருக்கிறாள்: போகிறோம், திரும்பி வருகிறோம்.

"அவக்கு நல்ல சந்தோசம். அப்ப அடுப்பை எரிய விடுறன் எண்டு சொன்னவ."

பிள்ளைகள் கதை கட்டுவார்கள் என்று நான் சிரித்தேன். ராசமலர் சிரிக்கவில்லை. கதவைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டோம்.

இந்தக் காட்டில் வழி தவறுவது சுலபமல்ல. மரங்களில் வண்ணக் கோடு தீட்டியிருப்பார்கள்: நடப்பவர்களுக்கு நீலம், பனிச்சறுக்குப் பாதைக்குச் சிவப்பு. ஒரு நீலக் கோட்டடியில் நின்றால் அடுத்தது தெரியும். அப்படியே நாற்பது நிமிடம் நடந்தோம். புகாருக்குள் விறகுப் புகை மணத்தது.

முன்னால் அந்த வீடு நின்றது.

புகைபோக்கியிலிருந்து புகை போய்க்கொண்டிருந்தது.

"புகாரிலை எல்லாரும் வட்டமடிக்கிறதுதான்," என்று விளக்கினேன். "தூரத்திலை பார்க்க ஒண்டும் இல்லாட்டி கால் தன்பாட்டிலை ஒரு பக்கம் சாயும்."

"கால் சாயட்டும். அடுப்பை ஆர் மூட்டினது?"

திசைகாட்டியை எடுத்தேன். அதைப் பார்த்துக்கொண்டே நடக்கக்கூடாது. ஊசி காட்டும் திசையில் ஒரு மரத்தைக் குறிவைத்து அதுவரை போய், அங்கிருந்து அடுத்த மரத்தைக் குறிவைக்க வேண்டும். முறையாகச் செய்தேன். ஐம்பத்திரண்டு மரங்கள். ஊசி ஒருமுறைகூடத் தடுமாறவில்லை.

ஐம்பத்து மூன்றாவது, மரமல்ல.

அந்த வீட்டின் கதவுநிலை.

நான் பூட்டிய கதவு திறந்திருந்தது. உள்ளே மேசையில் கோப்பி ஆவி பறந்தது. இரண்டு பெரிய கோப்பைகள். ஒரு சின்னக் கோப்பையில் பால். முதலில் எங்கள் மூவருக்கும் என்று எண்ணினேன். பிறகு விளங்கியது. பெரியவை இரண்டும் எங்களுக்கு அல்ல. ஒன்று அந்தப் பெண்ணுக்கு. மற்றது, பிள்ளையை விட்டுவிட்டுப் போகுமுன் நாங்கள் இருவரும் பகிர்ந்து குடிக்க.

கம்சிகா என் கையை விட்டாள்.

"கட்டில் விரிச்சு வைச்சிருக்கிறாவாம், அப்பா. எனக்குக் களைக்குது." கண் பாதி மூடியிருந்தது. விரல்கள் குளத்துத் தண்ணீரைப் போலக் குளிர்ந்திருந்தன. "வாறம் எண்டு நாங்கள்தானே சொன்னனாங்கள்."

ஒரு கால் படியில் வைத்துவிட்டாள்.

நான் அப்போது என்ன செய்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. திசைகாட்டியைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

ராசமலர்தான் பிள்ளையின் ஜக்கெற்றைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாள்.

"மடையர் நாங்கள்," என்றாள் மெதுவாக. "இஞ்சை இருக்கிறவ உயிரோடை இல்லை. இது செத்த வீடு. செத்த வீட்டிலை ஆரும் சொல்லிப்போட்டு வெளிக்கிடுறவையோ?"

உண்மைதான். எந்த வீட்டிலும் சொல்லிக்கொண்டுதான் புறப்படுவோம். சாவு வீட்டில் மட்டும் வாய் திறக்காமல் எழுந்து வருவோம். "போட்டு வாறன்" என்றால் மறுபடியும் வருவதாக அர்த்தம். அதைச் சாவின் காதில் போடக்கூடாது. எங்கள் பிள்ளை போட்டுவிட்டாள்.

உள்ளிருந்து ஒரு குரல் வந்தது. வயது தெரியாத, பொறுமையான குரல்.

"என்னவாம்?" என்றாள் ராசமலர்.

"சொன்னீங்கள்தானே எண்டு கேக்கிறா," என்று கம்சிகா முணுமுணுத்தாள்.

ராசமலர் பிள்ளையை என் கையில் திணித்துவிட்டுப் படியேறினாள். நோர்வேஜிய மொழிச் சோதனையை மூன்று தரம் எழுதியும் வாய் கூசுகிறவள். அன்று கூசவில்லை.

"நெய்," என்றாள். இல்லை என்பதற்கு இந்நாட்டில் அதுதான் சொல். மிச்சத்தைத் தமிழில் சொன்னாள். "சொன்னது பிள்ளை. தாய் நான் சொல்லேல்லை. என்ரை பிள்ளை குடுத்த சொல்லை நான் திருப்பி எடுக்கிறன். உங்கடை வீடு, உங்கடை அடுப்பு. பிள்ளை என்ரை."

பலகைத் தரை ஒரு ஆளின் பாரத்துக்கு முனகியது. ஒரு அடி. இன்னொரு அடி.

ராசமலர் பின்வாங்கவில்லை. உள்ளே நுழைந்து, கழுவ வைத்திருந்த வாளித் தண்ணீரைத் தூக்கி, அடுப்பு வாயைத் திறந்து, முழுவதையும் ஊற்றினாள். சூடான இரும்பு வெடித்துப் பிளந்த சத்தம் குளத்துக்கு அந்தப் பக்கம்வரை போனது. வீடு முழுக்க நீராவி. அந்த ஆவி ஒரு இடத்தில் மட்டும் பரவாமல், ஒரு பெண்ணின் உயரத்துக்கு விலகி நின்றது.

அந்த வெறுமைக்கு முன்னால் நின்று, பத்து வருடமாக வீட்டில் எவரையும் சொல்லவிடாத சொல்லை ராசமலர் சொன்னாள்.

"போறம்."

திரும்பிப் பார்க்காமல் நடந்தோம். நீலக் கோடுகள் ஒவ்வொன்றாக வந்தன. ஒன்றரை மணி நேரத்தில் நாயோடு ஓடிவந்த ஒருவர் எங்களுக்கு "ஹெய்" என்று வணக்கம் சொன்னார். நெடுஞ்சாலையின் இரைச்சல் கேட்டது. கம்சிகாவின் விரல்களில் சூடு திரும்பியிருந்தது. பசிக்குது என்றாள்.

திங்கட்கிழமை வகுப்பில் எழுந்து நின்று "ஹித்தா" என்றாளாம். எல்லாரும் கைதட்டினார்களாம்.

அடுத்த ஞாயிறு காலை பத்திரிகை எடுக்கக் கதவைத் திறந்தேன். தமிழ் வீட்டில் உள்ளே எத்தனை பேர் என்று அறிய மணி அடிக்கத் தேவையில்லை. வாசலில் கழற்றிக் கிடப்பதை எண்ணினால் போதும். நாங்கள் மூன்று பேர். வாசலில் நான்கு சோடி. நான்காவது, முழங்கால்வரை வருகிற பழைய தோல் சப்பாத்து. சேறு. நுனி எங்கள் கதவைப் பார்த்திருந்தது.

கதவு இரவு முழுவதும் உள்ளே சங்கிலி போட்டிருந்தது.

ராசமலர் வந்து பார்த்தாள். சப்பாத்தைக் காலால் தள்ளி, நுனியைப் படிக்கட்டுப் பக்கம் திருப்பிவைத்தாள். வீட்டின் எல்லா ஜன்னலையும் திறந்தாள். குளிர் உள்ளே பாய்ந்தது. கையில் கூட்டுகிற தும்புத்தடியோடு நடையில் நின்று, வெறும் வீட்டைப் பார்த்துச் சொன்னாள்:

"வெளிக்கிடு."

பக்கத்து ஊரான லோறென்ஸ்கூக்கில் வீடு பார்ப்போமா என்று கேட்டேன்.

"நாங்கள் ஏன் மாறுவான்? அவ மாறட்டும்."

சப்பாத்தைக் குப்பையில் போட்டோம். அதற்குப் பிறகு ஒரு ஞாயிறும் அது வாசலுக்குத் திரும்பி வரத் தவறவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் ராசமலர் அதைத் திருப்பிவைத்து, ஜன்னலைத் திறந்து, ஒரே சொல்லைச் சொல்கிறாள். அவள் குரல் ஒருமுறையும் தாழவில்லை.

இன்று அவளுக்குமுன் நான் எழுந்துவிட்டேன். குனிந்து, சப்பாத்துக்குள் கையை விட்டுப் பார்த்தேன்.

இளஞ்சூடாக இருந்தது. அந்த டாமே இப்போதுதான் கழற்றியிருக்கிறாள்.