உள்ளே இருப்போர்: 2

மார்ச் 16, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் 2.07. மூன்றாம் மாடி அலுவலகத்தின் கதவுக்கு மேலே இருந்த சிறிய திரை 'உள்ளே இருப்போர்: 2' என்று காட்டியது. கீழே செக்யூரிட்டியின் நோட்டில் அன்று கையெழுத்துப் போட்டிருந்தது ஒரே ஒருத்தி.

அவளை அலுவலகத்தில் எல்லோரும் கமா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆறு பேர் மூன்று நாளாக மண்டையை உடைத்துக்கொண்ட ஒரு கோளாறில், நாலாயிரம் வரிக் கணினி நிரலுக்குள் விடுபட்டுப்போன ஒற்றைக் கமாவைச் சாப்பாட்டு மணிக்கு முன்னால் பிடித்துக் கொடுத்ததில் வந்த பெயர் அது. அந்தத் திரையைப் பார்ப்பதற்குத்தான் அவளை ஞாயிற்றுக்கிழமையும் வரச்சொல்லியிருந்தார்கள். வெள்ளிக்கிழமையிலிருந்து எண்ணிக்கை பூஜ்யத்துக்கு இறங்கவில்லை. எல்லோரும் போன பிறகும் ஒன்று என்று காட்டிக்கொண்டே இருந்தது. பூஜ்யம் ஆனால்தான் பத்து நிமிடம் கழித்து, கதவையும் சர்வரையும் தவிர, மாடியின் மின்சாரம் தானாக நிற்கும். இரண்டு இரவு ஏ.சி.யும் விளக்கும் ஆளில்லாத அறைக்கு ஓடியிருந்தன.

வீட்டில் கிளம்பும்போதே கணவன் கறாராகச் சொல்லிவிட்டான். அவன் பஸ் டிரைவர். அன்று மாலை டியூட்டி.

"அஞ்சு மணிக்கு நான் வண்டியில ஏறணும். நாலே முக்காலுக்கு மேல ஒரு நிமிஷம் நிக்க மாட்டேன். பாப்பாவைத் தனியா விடவும் முடியாது."

"நாலரைக்கே வந்துடுவேன்."

"வெள்ளிக்கிழமை போனவ நீ இன்னும் வரவே இல்ல. உடம்பு மட்டும்தான் வந்திருக்கு. ரெண்டு நாளா பாக்குறேன், கூப்பிட்டா திரும்பறதுக்கே பத்து நிமிஷம் ஆகுது."

பாப்பாவுக்கு ஆறு வயது. வெள்ளிக்கிழமை பள்ளியில் காய்ச்சல் கண்டவள். அவள் கட்டிலிலிருந்து தலையைத் தூக்கி, "அம்மா ஆபீஸ்லயே இருக்கா," என்று சிரித்தாள். கமாவும் சிரித்துவிட்டுத்தான் வந்தாள்.

அலுவலகத்துக்குள் நுழைந்ததும் முதலில் மூக்கில் ஏறியது ஈரத்துணியின் வாடை. துவைத்துக் காயாமல் மூட்டையாகக் கட்டி வைத்து மறந்துபோன துணியின் பூஞ்சை வாடை, ஏ.சி.யின் குளிரோடு கலந்து, அறையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை ஒரே அடர்த்தியாக நின்றது. வெள்ளிக்கிழமை காலை மழையில் தெப்பலாக நனைந்து வந்ததும், உடுத்திய துணி உடம்பிலேயே காயும்வரை பல் கிட்டிக்க உட்கார்ந்திருந்ததும் நினைவுக்கு வந்தன. அதற்குப் பிறகு ஒரு துளி மழையில்லை. வெளியே வெயில் தார்ச்சாலையை உருக்கிக்கொண்டிருந்தது.

நாற்காலியில் உட்கார்ந்தவள் உடனே எழுந்தாள். இருக்கை சில்லென்று ஈரமாக இருந்தது. மேலே நிமிர்ந்து பார்த்தாள். ஏ.சி. ஒழுகவில்லை. பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, உடன் வேலை பார்க்கும் தாடிக்குப் போன் செய்தாள். கல்யாணத்துக்கென்று வைத்த தாடியை அப்புறமும் வளர்த்துக்கொண்டே இருப்பவன். பெயரும் அதோடு வளர்ந்துவிட்டது.

"உள்ள நான் ஒருத்திதான் இருக்கேன். ரெண்டுன்னு காட்டுது."

"உன்னையும் உன் நிழலையும் சேத்து எண்ணியிருக்கும்."

"விளையாடாத. அஞ்சு மணிக்குள்ள நான் வீட்ல இருக்கணும்."

"சரி தாயே, பட்டியலைத் திற."

கார்டைக் கதவில் வைத்ததும் சர்வர் ஒரு பட்டியலில் பதிவு எழுதும்: யார், எப்போது உள்ளே வந்தார். போகும்போது அதே பதிவில் வெளியேறிய நேரத்தைக் குறிக்கும். நேரம் குறித்த பதிவுகள் நள்ளிரவில் பழைய கோப்புக்குப் போய்விடும். வெளியேறிய நேரம் இல்லாத பதிவுகளின் எண்ணிக்கைதான் கதவுக்கு மேல் தெரிவது. பட்டியலில் அப்படி இரண்டு இருந்தன.

8841. அவள் கார்டு. வெள்ளி காலை 9.12.

8907. அவள் கார்டு. ஞாயிறு பிற்பகல் 2.06.

"ரெண்டும் நான்தான்," என்றாள்.

"அப்ப வெள்ளிக்கிழமை கார்டு வைக்காம ஓடியிருக்க."

ஓடியதுதான். பள்ளியிலிருந்து போன் வந்ததும் பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். தண்ணீர் கேன் போடுகிறவர் காலால் கதவைத் தாங்கிப் பிடித்திருந்தார். அந்த இடைவெளியில் நழுவி வெளியேறியது ஞாபகம் இருந்தது.

"ஏற்கெனவே உள்ள இருக்கிற கார்டை மறுபடியும் உள்ள விட்டது நம்ம நிரலோட தப்பு," என்றான் தாடி. "ஒண்ணைத் தூக்கிடு. அப்புறம் ஒரு கார்டுக்கு ஒரு பதிவுதான்னு பட்டியல்லயே பூட்டு போட்டுடு. தீந்துது."

"எதைத் தூக்க?"

"இது என்ன புதுசா? முதல்ல வந்தது அசல். பின்னால வந்தது நகல்."

அது அந்த அலுவலகத்தின் எழுதாத சட்டம். இணையப் பக்கத்தில் பொறுமையில்லாத ஒருவர் ஒரே பட்டனை இரண்டு முறை அழுத்தினால் இரண்டு பதிவு விழும். அப்போதெல்லாம் சின்ன எண்ணை வைத்துக்கொண்டு பெரிய எண்ணை அழிப்பார்கள். இரண்டு வருடத்தில் அவள் இப்படி ஆயிரக்கணக்கில் அழித்திருக்கிறாள். அவற்றுக்கு நடுவே இருந்ததெல்லாம் ஒன்றிரண்டு விநாடி. இவற்றுக்கு நடுவே இரண்டு நாள் இருந்தது. அதை அவள் கண் பார்த்தது. கை பழக்கத்தில் போனது.

போனை வைத்த பிறகு அறையின் சத்தங்கள் ஒவ்வொன்றாகக் காதில் விழ ஆரம்பித்தன. சர்வர் அறையின் விசிறிகள் கண்ணாடிக்குப் பின்னால் மூச்சு வாங்குவதுபோல ஏறி இறங்கின. கழிவறைக் குழாய் சொட்டியது. கடைசி வரிசையில் எங்கேயோ ஒரு விசைப்பலகையில் ஒரே ஒரு விசை, டக், நெடுநேரம் கழித்து மறுபடி டக் என்று, என்ன எழுதுவது என்று யோசிக்கிற ஆளின் விரல்போலத் தட்டியது. எழுந்து போய்ப் பார்த்தாள். வரிசை காலியாக இருந்தது. சாம்பல் நிறத் தரைவிரிப்பில் அந்த வரிசையிலிருந்து அவள் இருக்கைவரை, அடி வைத்த அளவில், கருத்த ஈரத் தடங்கள் இருந்தன. தன் காலைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றியது. வைக்கவில்லை.

சீக்கிரம் முடித்துவிட்டுக் கிளம்பு என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். மாற்ற வேண்டிய நிரல் நாலைந்து இடத்தில் இருந்தது. சோதனைச் சர்வரில் ஓட்டிப் பார்த்து, பட்டியலுக்கு நகல் எடுத்து வைத்துவிட்டு நிமிர்ந்தபோது மணி 4.08. எதையும் அழிப்பதற்கு முன்னால், அழியப்போவது எது என்று ஒரு முறை வரவழைத்துப் பார்ப்பது அவள் வழக்கம். வரவழைத்தாள். ஒரே ஒரு பதிவு. அவள் பெயர். இன்றைய தேதி.

அழித்தாள். உறுதி செய்தாள்.

'1 பதிவு நீக்கப்பட்டது.'

பிறகு பூட்டு: ஒரு கார்டுக்கு ஒரு பதிவு. மீறினால் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் அவளே எழுதினாள்: 'இவர் ஏற்கெனவே இருக்கிறார். அனுமதி இல்லை.' கதவுக்கு மேலே திரை 1 என்று மாறியது. கணக்கு சரி. பையை எடுக்கக் குனிந்தாள்.

தலைக்கு மேலிருந்த விளக்கு அணைந்தது.

ஆள் அசைந்தால் எரியும் விளக்கு அது. கையை வீசினாள். எரியவில்லை. எழுந்து நின்று இரண்டு கையையும் வீசினாள். இருட்டாகவே இருந்தது.

கடைசி வரிசையில் ஒரு விளக்கு எரிந்தது.

அடுத்து அதற்கு முந்தைய வரிசை. அதற்கும் முந்தையது. ஒன்று எரிய, பின்னால் ஒன்று அணைய, நடக்கிற வேகத்தில் வெளிச்சம் கதவை நோக்கிப் போனது. ஈர வாடை அவளைக் கடந்தது. முகத்தில் குளிர் பட்டது. யாரும் இல்லை.

பீப்.

கதவு திறந்தது. மெதுவாக மூடிக்கொண்டது.

உள்ளே இருப்போர்: 0.

ஓடினாள். கார்டை வைத்தாள். சிவப்பு. துடைத்துவிட்டு வைத்தாள். சிவப்பு. அவசரப் பொத்தானின் கண்ணாடியை முழங்கையால் உடைத்து அழுத்தினாள். பொத்தான் உள்ளே போனது, பூட்டு அசையவில்லை. படிக்கட்டுக் கதவுக்கு விடுமுறை நாட்களில் வெளியிலிருந்து சங்கிலி போடுவார்கள். விதிக்கு மாறானது. எல்லோருக்கும் தெரியும். அவளும் ஒரு தடவை மின்னஞ்சலில் சொல்லி, அதோடு விட்டிருந்தாள்.

இனி பத்து நிமிடம். அந்த நிரலை எழுதியது அவள்தான்.

இருக்கைக்கு ஓடி வந்தாள். விரல்கள் விசைகளை விட்டு வழுக்கின. தன் கார்டு எண். இன்றைய தேதி. இந்த நேரம். பதிவு செய்.

'இவர் ஏற்கெனவே இருக்கிறார். அனுமதி இல்லை.'

பட்டியலைத் திறந்தாள். 8841. வந்தது: வெள்ளி, 9.12. வெளியேறியது: ஞாயிறு, 4.14. அந்தப் பதிவு நள்ளிரவுவரை அங்கேயே இருக்கும். அவள் போட்ட பூட்டு அதைக் காத்துக்கொண்டு நிற்கும். பூட்டை எடுக்க வேண்டும். அதற்கு நிர்வாகியின் கடவுச்சொல். பூட்டுப் போடும்போது அடித்த அதே சொல்லை அடித்தாள். தப்பு. மறுபடி. தப்பு.

ஜன்னலுக்கு வெளியே, மூன்று மாடிக்குக் கீழே, செக்யூரிட்டி எழுந்து நின்று யாருக்கோ வணக்கம் வைப்பது தெரிந்தது. ஒரு பெண் வாசலைத் தாண்டிச் சாலையில் இறங்கினாள். வெள்ளிக்கிழமை கமா போட்டிருந்த பச்சைச் சட்டை. வலது தோள் கொஞ்சம் தாழ்ந்த நடை. முடி முதுகோடு ஒட்டியிருந்தது. வெயிலில் காய்ந்து கிடந்த தரையில் அவளுக்குப் பின்னால் ஈர அடிகள் நீண்டுகொண்டே போயின. வீடு இருக்கும் திசை.

திறக்க முடியாத கண்ணாடியைக் கமா கையால் அடித்தாள். நாற்காலியால் அடித்தாள். கீழே யாரும் தலையைத் தூக்கவில்லை.

உள் தொலைபேசியை எடுத்தாள்.

"ஹலோ," என்றார் செக்யூரிட்டி. "ஹலோ? யாரு?"

"அண்ணே, நான்தான். மேல மாட்டிக்கிட்டேன். இப்ப போனது நான் இல்ல."

"ஹலோ... சும்மா சும்மா அடிக்குது, சனியன்." வைத்துவிட்டார்.

4.24. கணினி இருண்டது. ஏ.சி. ஓய்ந்தது. சர்வர் விசிறிகளும் குழாயும் மட்டும் கேட்டன.

கைப்பேசியில் தாடியைக் கூப்பிட்டாள். எடுத்தான், மூன்று முறை ஹலோ சொல்லிவிட்டு வைத்தான். அனுப்பிய செய்திகள் எதுவும் போய்ச் சேரவில்லை. கணவன் எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. மறுபடி. வீடு இருபது நிமிட நடை. அவள் மனதுக்குள் நடந்துகொண்டிருந்தாள். பேக்கரி. பள்ளத் தெரு. நீல கேட். இரண்டாவது மாடி.

4.37க்கு எடுத்தான்.

"ஹலோ?"

"கதவைத் திறக்காத. யார் வந்தாலும் திறக்காத. பாப்பாவைத் தூக்கிக்கிட்டு..."

"ஹலோ? ஒண்ணும் கேக்கல."

"யாருப்பா?" தூரத்தில் பாப்பாவின் குரல்.

"அம்மா நம்பர்தான்."

"அம்மா இங்கதான இருக்கா."

"பையில அழுந்தித் தானா அடிச்சிருக்கும்." ஷூவை உதறிப் போடும் சத்தம். "ஏய், அதிசயமா சொன்ன நேரத்துக்கு வந்துட்ட. நான் கிளம்பறேன். பாப்பாவுக்கு எட்டு மணிக்கு மருந்து, மறந்துடாத."

கமா கத்தினாள். தொண்டை கிழியும்வரை கத்தினாள். அந்தப் பக்கம் அவளுடைய மகள் மிக மெதுவாகக் கேட்பது காதில் விழுந்தது.

"அம்மா, வெளில வெயில் அடிக்குதே. நீ ஏன் இப்படி நனைஞ்சிருக்க?"

வாசல் கதவு சாத்தும் சத்தம் வந்தது. இணைப்பு துண்டிக்கப்பட்டது.

திங்கட்கிழமை காலை எட்டரையிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கதவு ஒவ்வொரு முறை திறந்தபோதும் கமா அதை நோக்கி ஓடினாள். ஒவ்வொரு முறையும், அவர்களுடைய முதுகுக்குப் பின்னால், கதவு அவளுக்கு முன்பாக மூடிக்கொண்டது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. திரை 7 என்று காட்டியது.

9.12க்கு அவளுடைய கார்டு உள்ளே வந்தது. திரை 8 ஆனது. பச்சைச் சட்டை அவள் இருக்கைக்குப் போய், ஈரமாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தது.

"தீத்துட்டியாமே," என்றான் தாடி. "பாப்பாவுக்கு இப்ப எப்படி இருக்கு?"

"தூங்குறா."

"இந்நேரத்திலயா? கூட யாரு இருக்கா?"

அது கணினியைத் திறந்தது.

பதினொரு மணிக்கு மேனேஜர் கதவருகே நின்று தலைகளை எண்ணினார். எட்டு. திரையிலும் எட்டு. புகாரை 'சரிசெய்யப்பட்டது' என்று குறித்து முடித்து வைத்தார்.