மூன்றாவது வரிசையின் அடியில்

ஓடுகிற வண்டி சத்தம் போடலாம். இருபத்தாறு வருஷம் உழைத்த வேன் என்றால் போட்டே தீரும். ஆனால் சாலை வேலைக்காரன் காட்டிய சிவப்புக் கொடிக்காக இன்ஜினை அணைத்து, கை பிரேக்கை இழுத்துவிட்டு வரிசையில் நின்றிருந்தபோது, அடியிலிருந்து 'டொக்' என்று ஒன்று வந்ததே, அதுதான் வேலாபிக்குப் பிடிக்கவில்லை.

கண்ணாடியில் பின்னால் பார்த்தான். பயணிகள் பாதிப் பேர் தூக்கத்தில், மீதிப் பேர் போனில். யாரும் காலைத் தரையில் தட்டியதாகத் தெரியவில்லை. பக்கத்து இருக்கையில் பள்ளிப் பையை மடியில் வைத்திருந்த மகள் நொக்வாசி மட்டும் குனிந்து தரையைப் பார்த்தாள்.

"பாபா, கீழ யாரோ தட்டறாங்க."

"கல்லு தெறிச்சிருக்கும்."

"வண்டிதான் நிக்குதே."

ஒன்பது வயதுக்கு அவளுக்கு வாய் கொஞ்சம் அதிகம். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் காத்திருந்து பிறந்தவள் என்பதால் வேலாபி அந்த வாயை அடக்கியதில்லை. இந்த உலகத்தில் அவன் உண்மையாகப் பயப்படும் விஷயம் ஒன்றே ஒன்றுதான், அவளுக்கு ஏதாவது ஆகிவிடக் கூடாது. அதனால்தான் அவளை எப்போதும் முன் இருக்கையில், பெல்ட் மாட்டி, தன் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்திருந்தான்.

அவள் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் ஒப்பித்துவிட்டாள். தோக்கோசிலே சோளக் களியைக் கிண்டிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் தீர்ப்புச் சொன்னாள்.

"சத்தம் என்னன்னு தெரியற வரைக்கும் என் புள்ள அந்த வண்டியில ஏறக் கூடாது."

"பள்ளிக்கூடம் பதினெட்டு கிலோமீட்டர். நடந்து போவாளா?"

"அப்ப சீக்கிரம் கண்டுபிடி."

மறுநாள் வண்டியை மத்தேபுலாவின் பட்டறைக் குழி மேல் நிறுத்தினான். மத்தேபுலா குழிக்குள் இறங்கி ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தான். பால் ஜாயின்ட், ஷாக் அப்சார்பர் புஷ், சைலன்சரைத் தொங்கவிடும் ரப்பர், ஸ்டெப்னி மாட்டும் சங்கிலி. எல்லாம் அதனதன் இடத்தில் கிண்ணென்று இருந்தன.

"ஒண்ணுமில்லண்ணே. வயசான வண்டி. உங்க முட்டி சத்தம் போடறதில்லயா?"

"முட்டி நான் நடந்தாத்தான் சத்தம் போடும். சும்மா உக்காந்திருக்கும்போது போடாது."

மத்தேபுலா சிரித்தான். அந்தச் சிரிப்பு வேலாபிக்குச் சரியாகப் படவில்லை. போன மாதம் இதே ஆள்தான் கிளட்ச் வேலை பார்த்தான். உள்ளே ஸ்பேனரையோ நட்டையோ மறந்து வைத்துவிட்டு இப்போது மழுப்புகிறானோ? அன்று மாலை வேலாபியே ஜாக்கி போட்டு, கோணிப்பையை விரித்துக்கொண்டு வண்டிக்கடியில் நுழைந்தான். கிரீசும் காய்ந்த சேறும் மணத்தன. அவற்றுக்கு நடுவே மெல்லியதாக இன்னொரு மணம், மழையில் நனைந்த துணியை மூட்டையாகக் கட்டி மறந்துவிட்டால் வருமே, அது. அரை மணி நேரம் தடவிப் பார்த்தான். கையில் எதுவும் சிக்கவில்லை.

அடுத்து சந்தேகம் லாங்காவின் மேல் போனது. அதே தடத்தில் ஓட்டுகிறவன். எதிரே வந்தால் பல்லைக் காட்டுவான், முதுகுக்குப் பின்னால், "வேலாபி வண்டி அடுத்த மழைக்குத் தாங்காது" என்று பயணிகளிடம் ஓதுவான். இரவில் வந்து எதையாவது கட்டிவிட்டுப் போகிறானா? வேலாபி இருட்டும் முன் அடுப்புச் சாம்பலை வண்டியைச் சுற்றி அகலமாகத் தூவி வைத்தான்.

காலையில் சாம்பலில் கோழிக்கால் தடம்கூட இல்லை. ஆனால் வண்டிக்கு நேர் அடியில், காற்றில் பறந்து போய்ப் படிந்திருந்த சாம்பல் மட்டும் நீளவாக்கில் அழிந்திருந்தது. மல்லாந்து படுத்த ஒருவன் புரண்டு படுத்தால் அழிகிற அளவுக்கு. வெளியிலிருந்து உள்ளே போன தடம் இல்லை. உள்ளிருந்து வெளியே வந்த தடமும் இல்லை. வேலாபி விளக்குமாற்றை எடுத்து அதைச் சுத்தமாகப் பெருக்கிவிட்டான். தோக்கோசிலேயிடம் சொல்லவில்லை.

விடையைக் கொண்டுவந்தது ஒரு பயணிதான். மூன்றாவது வரிசை ஜன்னல் இருக்கையில் ஏறிய தடித்த மனிதர் பாதி வழியில் எழுந்து கத்தினார்.

"டிரைவர் தம்பி, எவன்யா அது? என் காலுக்கடியில குத்திக்கிட்டே வரான்."

அவர் எழுந்து நின்றதும் சத்தம் நின்றது. பின் வரிசைக்குப் போய் உட்கார்ந்தார். அதன் பிறகு அந்த இருக்கை காலியாகவே வந்தது. சத்தமும் இல்லை. அடுத்த நடையில் அங்கே ஒருவர் ஏறி உட்கார்ந்தார். டொக். இறங்கினார். நின்றது.

அந்த இருக்கையை வேலாபிக்கு நினைவிருந்தது.

ஏழு வாரத்துக்கு முன்னால் கறுப்பு உடுத்திய ஓர் அம்மா இலந்தை முள் கிளையோடு ஏறினாள். ஆற்றுக்கு முந்திய வளைவில் லாரி மோதிச் செத்த மகனின் உயிரை வீட்டுக்கு அழைத்துப் போகிறாள். அந்தப் பக்கத்து வழக்கப்படி, சாலையில் போன உயிரை அங்கேயே விடக் கூடாது. இறந்த இடத்தில் கிளையோடு நின்று பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், வீடு சேரும் வரை செத்தவனோடு மட்டும்தான் பேச வேண்டும், வண்டியில் அவனுக்கென்று ஓர் இருக்கை விட வேண்டும். எல்லா டிரைவருக்கும் தெரிந்த கணக்கு. அவளும் இரண்டு இடம் பிடித்து, தன் பக்கத்தில் ஜன்னலோரம் கிளையை வைத்தாள்.

வழியில் கொட்டும் மழையில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி கையைக் காட்டினாள். பாதி இரக்கம், பாதி அவசரம். வேலாபியே அந்தக் கிளையைத் தூக்கி இருக்கைக்கு அடியில் தள்ளினான். "கிளைதானே மா, கீழ இருக்கட்டும்." அந்த அம்மா வாய் திறக்க முடியாது. அவனைப் பார்த்தாள், அவ்வளவுதான். யூக்கலிப்டஸ் தோப்புப் பிரிவில் கிளையோடு இறங்கிப் போனாள்.

கிளை இறங்கியது. மகன் இறங்கவில்லை.

இப்போது அவளைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்பதுதான் முறை. ஆனால் விஷயம் வெளியே கசிந்தால் லாங்கா விடுவானா? செத்தவன் இடத்தைப் பிடுங்கியவன் வண்டியில் யார் ஏறுவார்கள்? ஓசைப்படாமல் நாமே அழைத்துப் போய்த் தோப்புப் பிரிவில் இறக்கிவிடலாம் என்று முடிவு செய்தான். அந்த முடிவை நினைத்தால் இந்தக் கதையைச் சொல்கிற எனக்கு இன்றும் எரிச்சல்தான் வருகிறது.

வெள்ளிக்கிழமை மதியம் தனியாகப் போய்விட நினைத்திருந்தான். அன்று பார்த்து மலையிலிருந்து மூடுபனி இறங்கிச் சாலையை மறைத்தது. அம்மாவின் தடைக்குப் பிறகு நொக்வாசி போய்வந்த மற்ற வேன்களும் ஓடவில்லை. பள்ளி வாசலில் நொக்வாசி ஒருத்திதான் மிச்சம். அவளை ஏற்றாமல் என்ன செய்வான்?

வளைவு வந்ததும் ஓரம் கட்டினான். பனிக்குள் வெள்ளைச் சிலுவைகள், புதியதும் பழையதுமாக, சரிவு முழுக்க. பெரும்பாலானவற்றில் பெயர் மழையில் கரைந்துவிட்டது. சரிவில் நின்ற இலந்தை மரத்திலிருந்து ஒரு கிளையை வெட்டினான்.

"கதவைத் திறந்த பிறகு, தோப்புப் பிரிவு போற வரைக்கும் பாபா உன்கூடப் பேச மாட்டேன். பயப்படாத. பெல்ட்டைக் கழட்டாத."

"தெரியும். மாமா செத்தப்போ அத்தை செஞ்சாங்க." அவள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். "ஆனா பேர் சொல்லிக் கூப்பிடணுமே பாபா."

"தெரியாத பேரை எங்க போய்ச் சொல்ல?"

பயணிகள் ஏறும் பக்கக் கதவை இழுத்துத் திறந்தான். கிளையை உயர்த்தினான்.

"யாரா இருந்தாலும் ஏறுங்க. வீட்டுக்குப் போவோம்."

வண்டி பக்கவாட்டில் ஒரு முறை சாய்ந்து நிமிர்ந்தது. ஆள் ஏறினால் சாய்கிற சாய்வு. நல்லது. ஏறிவிட்டான். வேலாபி பெருமூச்சு விட்டுக் கதவை மூடக் கை வைத்தான்.

மறுபடியும் சாய்ந்தது.

கை கதவிலேயே நின்றது. இன்னொரு சாய்வு. இன்னொன்று. நனைந்த துணி மணம் அவனை உரசிக்கொண்டு உள்ளே போனது. ஸ்பிரிங் பட்டைகள் முனகின.

"ஒருத்தர்தான். ஒருத்தரைத்தான் கூப்பிட்டேன்."

சாய்வு நிற்கவில்லை. சரிவில் சிலுவைகள் இருந்த பக்கமிருந்து காய்ந்த புல் மிதிபட்டது. அவசரமில்லாமல். வரிசையில் வருகிறவர்களைப் போல.

கதவு தானாக மூடிக்கொண்டது.

அவன் ஓடிப்போய் டிரைவர் இருக்கையில் ஏறினான். கிளையை முன்கண்ணாடியோரம் போட்டான். மகளைத் தூக்கிக்கொண்டு இறங்கி ஓடிவிடலாமா? அவளோடு பேசினாலும் இறங்கினாலும் முறை கெடும். அத்தனை பேரும் இந்த வண்டியிலேயே தங்கிவிடுவார்கள், அவள் தினமும் போக வேண்டிய வண்டியில். தோப்புப் பிரிவு வரைக்கும்தான். வாயை மூடிக்கொண்டு ஓட்டு.

கண்ணாடியைப் பார்க்காதே. ஓட்டு.

வண்டி கனத்தது. இரண்டாவது கியரிலேயே இழுத்தது. பாலத்தின் இரும்புக் கம்பி பனியில் தெரிந்தது. கீழே துகேலா ஆறு.

"ஆத்தைத் தாண்டறோம்" என்றான். ஆறு வந்தால் செத்தவர்களிடம் அப்படிச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"ம்" என்றார்கள் பின்னால். எல்லோரும்.

"பாபா," நொக்வாசி பின்பக்கம் திரும்பியிருந்தாள். குரலில் பயமே இல்லை. "பின்னால ஒரு அம்மாவுக்கு இடமே இல்ல. நின்னுக்கிட்டே வராங்க."

அவன் தலையைப் பலமாக ஆட்டினான். வேண்டாம்.

"பெரியவங்க நிக்கும்போது நான் உக்காரக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லியிருக்கீங்க."

பெல்ட் கழன்ற சத்தம்.

"நீங்க உக்காருங்க மா. நான் வேற எங்கயாவது போய்க்கறேன்."

இடது கையை நீட்டினான். அவளுடைய முட்டி அகப்படவில்லை. கனத்த, ஈரக் கம்பளித் துணி அகப்பட்டது. துணிக்குள் சதை இருந்தது. அசையவில்லை.

"நொக்வாசி."

இத்தனை நேரம் காத்த மௌனம் போயிற்று.

பதில் அடியிலிருந்து வந்தது. அவன் காலுக்குக் கீழே, ஓடுகிற சாலைக்கும் தகரத்துக்கும் நடுவே, இரண்டு முறை, சின்னதாக. பள்ளிக்கு நேரமானால் குளியலறைக் கதவை அவள் தட்டுவது போல.

பிரேக்கை மிதிக்கலாமா, ஓட்டிக்கொண்டே இருக்கலாமா, எது அவளை நசுக்காது என்று அவனுக்குத் தெரியவில்லை. பக்கத்து இருக்கையில் பெல்ட்டை நிதானமாக இழுத்து, யாரோ மாட்டிக்கொண்டார்கள்.