திங்கட்கிழமைப் புகார்

வாகட் சாலை முனையில் மழை வலுத்தபோது காலியாக வந்தது ஒரே ஒரு ரிக்‌ஷா. இந்தப் பக்கமாக மங்கையர்க்கரசி ஏறினாள். அந்தப் பக்கமாக அவன் ஏறினான்.

"நான்தான் முதல்ல கை காட்டினேன்," என்றாள் இந்தியில்.

"நான்தான் முதல்ல நனைஞ்சேன்," என்றான் அவனும் இந்தியில்.

ஓட்டுநர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தோகே பஸா!" ரெண்டு பேரும் உட்காருங்கள் என்று மராத்தியில் சொல்லி, இருவரையும் வைத்துக்கொண்டே கிளப்பிவிட்டார். அவளுக்கு ஔந்தில் இறங்க வேண்டும். அவனுக்கு அதையும் தாண்டிக் கட்கியில்.

நடுவில் அவளுடைய லேப்டாப் பை. அவன் இமைகளில் மழைத்துளிகள்... கண்கள் எதற்கோ சிரிக்கத் தயாராக இருந்தன. பார்க்கக் கூடாது என்று வெளியே பார்த்தாள். வெளியே பார்க்க ஒன்றுமில்லை. பிளாஸ்டிக் திரைதான் இருந்தது.

அவன் போன் அடித்தது.

"சொல்லுங்க ஜெயசீலன் அண்ணே..."

தமிழ்! அவன் பேசப் பேச இந்தியும் கலந்தது. அவள் அசையாமல் கேட்டாள்.

"ஆமாண்ணே, புது வெர்ஷன்ல நம்ம 'பதிவு' காயப். எடுத்துட்டாங்க. அரசின்னு ஒரு மேடம்... ஒவ்வொரு திங்கட்கிழமையும் கம்ப்ளெயின்ட் எழுதறேன். பெரிசா ஜவாப் வரும். கடைசியில அதே ரெண்டு வரி. 'உங்கள் கோபம் நியாயம். வசதி திரும்பி வராது.' மதலப், கல்லுக்கு கம்ப்யூட்டர் குடுத்தா இப்படித்தான் டைப் பண்ணும்."

"கல்லு இல்லைங்க," என்றாள் அவள். "நான்தான் அரசி."

போனில் ஜெயசீலன் மட்டும் ஹலோ ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நிரல் எழுதும் எடிட்டர் மென்பொருள் ஒன்றைத் தயாரிக்கும் நிறுவனத்தில் அவளுக்கு வேலை. 'பதிவு' அதிலிருந்த பழைய வசதி. ஒருமுறை விசைகளைத் தட்டிக் காட்டினால் அதையே மற்ற வரிகளுக்கும் தானாகச் செய்துவிடும். அதை நீக்கச் சொன்னவள் அவள். அதற்கு வந்த வசவுகளுக்கெல்லாம் பதில் எழுதுபவளும் அவளே.

"ஏன் எடுத்தீங்க?" என்றான். குரலில் இப்போது சிரிப்பில்லை.

"அது ஓடும்போது கரண்ட் போனா ஃபைல் காலியாயிடும். ஒரு பொண்ணோட காலேஜ் ப்ராஜெக்ட் முழுசும் போச்சு. 'காலியா இருக்கு, என்ன பண்றது'ன்னு மட்டும் எழுதியிருந்தா. என்கிட்ட பதிலே இல்லைங்க. இன்னொரு தடவை அப்படி ஒண்ணைப் படிக்க மாட்டேன்."

"ரிப்பேர் பண்ணலாமே?"

"பண்ணிப் பாத்தோம். வேற இடத்துல உடையுது. அதுவும் இல்லாம யாரும் அதை உபயோகிக்கறதே இல்லைன்னு எங்க கணக்கு சொல்லுது."

"யாருமே இல்லையா? போசரியில எங்க ஒர்க்‌ஷாப்ல எல்லா மிஷினுக்கும் ப்ரோக்ராம் இதுலதான் போடறோம்!"

"அப்போ கணக்குல வந்திருக்கணுமே..."

"எப்படி வரும் மேடம்? அந்த கம்ப்யூட்டர்ல நெட்டே கிடையாது. டிராயிங் வெளியே போயிடக் கூடாதுன்னு கஸ்டமர் கண்டிஷன். புது வெர்ஷனைப் பென் டிரைவ்ல கொண்டுபோய்ப் போடறேன். கம்ப்ளெயின்ட் வீட்டுலேர்ந்து எழுதறேன்."

அவளுக்கு உறைத்தது. இணையம் வழியாக எண்ணிவிட்டு, இணையம் இல்லாதவர்களை இல்லவே இல்லை என்று முடிவு கட்டியிருக்கிறாள்.

ஔந்த் வந்தது.

"எண்ணினது தப்பு. ஒத்துக்கறேன்," என்றாள் இறங்கும்போது. "எடுத்தது தப்பில்லை. திரும்பி வராது."

"நான் பழைய வெர்ஷனுக்கே போயிடறேன். கம்ப்ளெயின்டும் எழுதுவேன். என் பேர் நிர்மல்."

"தெரியும். எழுதுங்க. பதில் வரும்."

கோபமாகத்தான் சொன்னான். ஆனால் அவள் நனையாமல் இறங்கத் திரையைத் தூக்கிப் பிடித்திருந்தான்...

மறுநாள் தன் கணக்கு தவறு என்று எல்லோரும் படிக்கும்படி எழுதினாள். வசவு இருமடங்கானது. மேலாளர் ஷ்ரேயஸ் கூப்பிட்டார்.

"பழையதைத் திரும்பப் போட்டுவிடு. சத்தம் அடங்கும்."

"அடுத்த வெளியீட்டுக்குள் மாற்று தருகிறேன். தராவிட்டால் போட்டுக்கொள்ளுங்கள்."

நிர்மலுக்கும் எழுதினாள். உங்கள் வேலையை நேரில் பார்க்க வேண்டும், வரலாமா? 'பார்க்க ஒன்றுமில்லை' என்று பதில் வந்தது. அடுத்த திங்கட்கிழமை அவனிடமிருந்து புகார் வரவில்லை. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும்... அவள் மாலைவரை திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை ஒரே சொல் வந்தது. 'வாங்க.'

போசரியில் எண்ணெய் வாசனை. இரும்புச் சுருள்கள். கணினி முன்னால் நிர்மல். அந்தக் கண்களில் சிரிப்பே இல்லை.

"பவர் போச்சு. ஃபைல் காலி. நீங்க சொன்ன மாதிரியே..."

சொன்னேனே என்பது நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினாள்.

"சாப்பிட்டீங்களா?" என்றாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இந்தாம்மா, டீ," என்றார் அங்கே வேலை பார்க்கும் ஜெயசீலன். "உன்னைத் திட்டித் திட்டியே இவனுக்குத் தமிழ் நல்லா வந்துடுச்சு."

தொலைந்ததை இருவருமாக மறுபடி எழுதினார்கள். அவன் விரல்கள் எங்கே நிற்கின்றன, எதைத் திரும்பத் திரும்பச் செய்கின்றன என்று அவள் கவனித்தாள். புதிய கருவி அதிலிருந்துதான் வந்தது. அது முதலில் நகலில் வேலை செய்யும். முழுதாக முடிந்த பிறகே அசலைத் தொடும். எந்த நொடியில் மின்சாரம் போனாலும் அசல் பிழைக்கும். பட்டறை மின்சாரத்தைத் தன் கையாலேயே அணைத்து அணைத்துச் சோதித்தாள். நிர்மல் ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிக்கொண்டான்.

அடுத்த வெளியீட்டில் அந்தக் கருவி இடம்பெற்றது. பழைய வசதி திரும்பவில்லை. புகார்கள் மெல்லக் குறைந்தன. ஷ்ரேயஸ் அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார்.

அப்புறம் ஒரு திங்கட்கிழமை... நிர்மலிடமிருந்து புகார். 'பழைய வசதி வேண்டும்.'

உடனே போன் செய்தாள்.

"புதுசு ஓடலைங்களா?"

"ஓடுது. ஃபர்ஸ்ட் கிளாஸ்."

"ஃபைல் போச்சா?"

"இல்லையே."

"அப்புறம் என்னங்க கம்ப்ளெயின்ட்?"

அந்தப் பக்கம் மழைச் சத்தம் கேட்டது.

"எழுதலைன்னா ஜவாப் வராதே..." என்றான். "திங்கட்கிழமையானா காத்துட்டிருப்பேன். கோபத்துலதான்னு நெனச்சேன். கோபம் போயிடுச்சு. காத்துட்டிருக்கறது போகலை. எனக்கு உங்களைப் புடிச்சிருக்கு, அரசி. தமிழ்ல சொல்லணும்னு ஜெயசீலன் அண்ணன்கிட்ட சொல்லிப் பழகிப் பாத்தேன். அவர் ஓடிட்டார்."

அவள் சிரித்துவிட்டாள். கண்கள் மட்டும் ஏனோ நிறைந்தன. திரையில் அவன் புகார். பக்கத்தில் 'முடிந்தது' என்ற பொத்தான்.

"வசதி திரும்பி வராது," என்றாள்.

"தெரியும்."

"ஆனா இந்தக் கம்ப்ளெயின்டை மட்டும் நான் முடிக்கப் போறதில்லை. அந்தத் திங்கட்கிழமை உங்ககிட்டயிருந்து ஒண்ணும் வரலை பாருங்க... அன்னிக்கே எனக்குத் தெரியும்."

லேப்டாப்பை மூடினாள். குடையைத் தேடவில்லை.

"வாகட் முனையில நிக்கறேன், வாங்க. ஒரே ரிக்‌ஷா போதும்."