ஆமைக்குள் எட்டுப் பேர்

மூன்றாவது சிப்பாய் மட்டும் தலையைத் திருப்பியிருந்தான்.

அப்படித் திருப்ப முடியாது. அவள் கணினியில் செய்தது ஒரே ஒரு சிப்பாயைத்தான், மற்ற ஏழு பேரும் அவனுடைய நகல்கள். ஒருவனை அசைத்தால் எட்டுப் பேரும் அசைய வேண்டும். அவள் அலுவலகம் தயாரிக்கும் கணினிப் போர் விளையாட்டில், நூறு வருஷம் கழித்து வரப்போவதாகச் சொல்லும் ஒரு கவச வண்டிக்குள் அவர்கள் இருந்தார்கள். அலுவலகத்தில் அதற்கு ஆமை என்று பெயர். அதன் வயிற்றுக்குள் இரண்டு வரிசையாக ஏழு பேர் நேரே பார்த்து உட்கார்ந்திருக்க, ஒருவன் மட்டும் திரைக்கு வெளியே அவளைப் பார்த்தான்.

எட்டுமே அவள் தம்பியின் முகம். நிஜப் போரில், நிஜ வண்டியில், பின்கதவு சிக்கி உள்ளேயே எரிந்துபோனவன். வீட்டுக்கு மூடிய பெட்டிதான் வந்தது. அதனாலேயே இந்த வேலையை வலியக் கேட்டு வாங்கினாள். அவளுடைய ஆமையில் ஒரே தள்ளில் கதவு திறக்கும். இங்கேயாவது அவன் உயிரோடு வெளியே வரட்டும் என்று நினைத்தாள்.

காலையில் அதிலும் மண் விழுந்தது. எதைக் கொடுத்தாலும் வெட்டச் சொல்வதால் கத்திரி என்று பெயரெடுத்த குழுத்தலைவர், கதவைச் சிக்கவைக்கச் சொன்னார். உள்ளே இருப்பவர்கள் தட்டித் தட்டி எரிய வேண்டுமாம், அப்போதுதான் ஆடுகிறவனுக்கு நெஞ்சு பதறுமாம். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தம்பியைப் பற்றிச் சொன்னாள்.

"பொம்மைதானேம்மா," என்றார் அவர். "பொம்மைக்காகவா மல்லுக்கு நிக்கிறே?"

கடைசியில் சொன்னபடி செய்து கொடுத்தாள். கோபம் அவர்மேல் பாதி, தன்மேல் பாதி.

அன்று விடுமுறை நாள், அலுவலகத்தில் அவர்கள் இருவர் மட்டுமே. கத்திரி தன் கண்ணாடி அறையில் காதை அடைத்துப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். திரைச்சீலை இழுத்துவிட்ட கூடம் நண்பகலிலும் இருண்டு கிடக்க, ஏசியின் இரைச்சலுக்கு அடியில், ஒலியே இன்னும் சேர்க்காத அந்த வண்டிக்குள்ளிருந்து தகரத்தில் உள்ளங்கை அறைகிற மாதிரி ஒரு சத்தம் விட்டுவிட்டு வர, கருகிய பெயின்ட் வாடை மெல்ல மேஜைவரை வந்து அவள் தொண்டையில் ஒட்டியது. ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கினாள். சத்தம் நிற்கவில்லை.

இப்போது ஐந்தாவது தலையும் திரும்பியிருந்தது. பிறகு முதலாவது.

"அக்கா, கதவைத் திற."

தம்பி போருக்குக் கிளம்பிய அன்று பேசிய அதே குரல். அவளுக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் முந்தியது. கத்திரியும் அவர் உத்தரவும் நாசமாய்ப் போகட்டும். கதவு சிக்கும்படி எழுதிய கட்டளை முழுவதையும் அழித்தாள். காட்சியை ஓட்டினாள்.

குண்டு விழுந்தது. தீ எழுந்தது. கதவு திறந்தது.

எட்டுப் பேரும் ஒன்றாக எழுந்தார்கள். ஒன்றாக விழுந்தார்கள்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கதவு திறப்பதோடு காட்சி முடிந்துவிடும் என்பதால், உட்கார்ந்திருக்கிறவனின் இடுப்புக்குக் கீழே யாரும் பார்க்கப் போவதில்லை. பார்க்காததைச் செய்யாதே என்பது தொழிலின் பழக்கம். கால்களை அவள் செய்யவே இல்லை.

திரையில் தீ மட்டும் எரிந்தது. இருக்கைகள் காலி.

மேஜைகளுக்கு அடியில் ஏதோ இழுபட்டது. ஒரு பக்கம் அல்ல. எல்லாப் பக்கமும்.

கத்திரியைக் கூப்பிட வாயைத் திறந்தாள். அவர் முதுகைக் காட்டித் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"என் கால் எங்கக்கா?"

எட்டுக் குரல்கள். அதில் கெஞ்சல் இல்லை. அத்தனையும் கோபம்.

சூடான ஒரு கை அவள் கணுக்காலைப் பிடித்தது. இன்னொன்று முழங்காலை. மூன்றாவது கை துணிக்கு மேலாகத் தொடைவரை மெதுவாகத் தடவி, கால் எங்கே முடிகிறது என்று அளவு பார்த்தது.