மூடி நசுங்காத குப்பி

1986, ஆகஸ்ட் முதல் தேதி. வெள்ளிக்கிழமை. பிற்பகல் 2.10.

மருந்து அறையிலிருந்து சிஸ்டர் டோரதியின் குரல் கேட்டது. அலறல் இல்லை. மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே சொன்ன ஓர் "அய்யோ மாதாவே". வகுப்பறையின் கடைசி பெஞ்சிலிருந்த லூர்துராணிதான் முதலில் ஓடினாள்.

ஃபிரிட்ஜ் திறந்திருந்தது. டோரதியின் கையில் கக்குவான், தொண்டை அடைப்பான், ரணஜன்னி மூன்றுக்குமான முத்தடுப்பு மருந்துப் பெட்டி. பத்துக் குப்பிகளில் ஒன்று பக்கவாட்டில் விரிசல் கண்டு, மருந்து வழிந்து அட்டையை நனைத்திருந்தது.

மாம்பழச்சாலைப் பயிற்சி நிலையத்தில் அது மூன்று நாள் வகுப்பின் இரண்டாம் நாள். குழந்தைகளுக்கான புதிய தடுப்பூசித் திட்டம் வந்திருந்தது. அதன் விதிகளை ஊர் ஊராக நடத்திக் காட்டப்போகிற இருபத்திரண்டு வட்டாரத் தலைமை நர்சுகள் அங்கே கூடியிருந்தார்கள். டோரதிதான் ஆசிரியை. இந்த வகுப்பு நடக்க அவள் பதினோரு மாதம் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியிருந்தாள்.

லூர்துராணி தொட்டியம் வட்டாரம். ஃபிரிட்ஜில் இருந்த அறுபது குப்பிகளும் திங்கட்கிழமை அவளுடைய முகாமுக்குப் போகவேண்டியவை. போன ஆடியில் கக்குவான் இருமலுக்கு இரண்டு குழந்தைகளை அவள் மடியிலேயே பறிகொடுத்தாள். இந்த வருஷமும் மூன்று தெருக்களில் அந்த இருமல் கேட்க ஆரம்பித்துவிட்டது.

2.25. துணை இயக்குநர் டாக்டர் ஸ்தனிஸ்லாஸ் வந்து நின்றார்.

"காலைல எட்டு மணியிலேர்ந்து ஒரு மணி வரைக்கும் கரண்ட் இல்ல. நேத்து பேப்பர்லயே போட்டிருந்தான். ஐஸ் பெட்டிக்கு மாத்த வேண்டாமா சிஸ்டர்? அத்தனையும் சூட்டுல கெட்டிருக்கும். போதாக்குறைக்கு யாரோ கீழ போட்டு உடைச்சிருக்காங்க."

"கதவைத் திறக்காம வச்சா தாங்கும் டாக்டர். ஒரு மணிக்கு தெர்மாமீட்டர் பார்த்தேன், ஏழு டிகிரிதான்."

"அஞ்சு மணிக்குள்ள எனக்கு ஆள் தெரியணும். இல்லேன்னா அறுபதையும் கொட்டிட்டு வகுப்பை மூடிடுவேன். நீங்களும் பழைய வார்டுக்கே போயிடலாம்."

லூர்துராணி முன்னால் வந்தாள்.

"அஞ்சு மணி வரைக்கும் நான் விசாரிக்கட்டுங்களா டாக்டர்?"

"நீங்க என்ன போலீஸா?"

"எங்க வீட்டுக்காரர் ஏட்டு. இருபது வருஷமா அவர்கிட்டேயே உண்மையை வாங்கிட்டு வரேன்."

பின்னால் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்தார்.

2.40. லூர்துராணி விரிசல் கண்ட குப்பியை வெளிச்சத்தில் திருப்பினாள். கீழே விழுந்த குப்பி என்றால் அலுமினிய மூடி நசுங்கியிருக்க வேண்டும். இது புதுசு போல இருந்தது. ஃபிரிட்ஜ் தட்டில் ஒரு கண்ணாடித் துணுக்குகூட இல்லை.

"சிஸ்டர், வேற ஏதாவது மாறியிருக்கா?"

டோரதி தயங்கினாள். "ஒண்ணு இருக்கு. அக்டோபர்ல காலாவதியாகிறது முப்பது, மார்ச்ல ஆகிறது முப்பது. வேணும்னே எல்லாப் பெட்டியிலயும் கலந்து வச்சிருந்தேன். இன்னைக்கு உங்களை விட்டுத் தப்பைக் கண்டுபிடிக்கச் சொல்றதா இருந்தேன். இப்போ பாருங்க. அக்டோபர் முன்னால, மார்ச் பின்னால, அழகா பிரிச்சு அடுக்கியிருக்கு."

"அறைக்கு எத்தனை சாவி?"

"ரெண்டு. ஒண்ணு என் கழுத்துல. இன்னொண்ணு ஸ்டோர் பாக்கியநாதன் அண்ணன்கிட்ட."

ஃபிரிட்ஜின் மேல் டிகிரி எழுதும் அட்டை தொங்கியது. கடைசி வரி: வெள்ளி, காலை 7.15, 3 டிகிரி.

"நீங்க எழுதினதா?"

"இல்லையே. அண்ணன் எழுதியிருப்பார்."

3.00. பாக்கியநாதன் ஓய்வு பெற இன்னும் மூன்று மாதம். சாவிக்கொத்து இடுப்பில் குலுங்கியது.

"சாவி உங்க இடுப்பை விட்டு இறங்கிச்சா அண்ணே?"

"இறங்கவே இல்ல."

"நேத்து கிளாஸ்ல உட்கார்ந்தீங்களா?"

"முப்பது வருஷமா மருந்து எண்ணுறவன் நான். எனக்கு எதுக்கும்மா பாடம்? அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கல."

"காலைல ஏழேகால் டிகிரி எழுதினது?"

"நான்தான்."

"சரிங்க. இன்னைக்கு மாசத்து முதல் வெள்ளியாச்சே, பூசைக்குப் போனீங்களா?"

அவர் முகம் மலர்ந்தது. "போகாம இருப்பேனா? பாலக்கரைக் கோயில்ல நிக்க இடமில்ல. ஆறரைப் பூசை, ஆசீர்வாதமெல்லாம் முடிஞ்சு வெளிய வர எட்டு ஆயி..."

பேச்சு பாதியில் நின்றது. லூர்துராணி அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் மட்டும் எடுத்துக் கொடுத்தாள்.

3.30. லால்குடி வட்டாரத்து கமர் ஜஹான் ஜன்னலோரம் உட்கார்ந்து பாடக்குறிப்பைப் படித்துக்கொண்டிருந்தாள். வகுப்பிலேயே கெட்டிக்காரி. லூர்துராணி அந்த நோட்டை வாங்கிப் புரட்டினாள். 'முதலில் காலாவதியாவது முன்னால்.' 'தினம் இரண்டு முறை டிகிரி எழுத வேண்டும்.' இரண்டின் கீழும் சிவப்பு மையில் கோடு. பக்க எண்ணில் இருந்த 3-க்குத் தலையில் ஒரு கொம்பு.

"நேத்து நாலு மணிக்கு ஒரு பாடம் இருந்துச்சே, அதுக்குக் குறிப்பே காணோமே?"

"எங்கேக்கா நடந்துச்சு? நாலு மணிக்கு டாக்டர் மைக்கைப் பிடிச்சாரு, அஞ்சரைக்குத்தான் விட்டாரு. பாடம் இன்னைக்கு மத்தியானத்துக்குத் தள்ளிப் போயிடுச்சு."

லூர்துராணி டோரதியிடம் போய் அந்த நடக்காத பாடத்தின் தாளை வாங்கி, நின்றபடியே படித்து முடித்தாள். பிறகு ஃபிரிட்ஜிலிருந்து சில குப்பிகளை எடுத்துக் குலுக்கி வைத்துப் பார்த்தாள்.

4.30. எல்லோரும் வகுப்பறையில். மேஜைமேல் இரண்டு குப்பிகள்.

"ரெண்டையும் நல்லா குலுக்கி கால் மணி ஆச்சு. பாருங்க டாக்டர்."

ஒன்று நீர்மோர் போல ஒரே சீராக இருந்தது. மற்றதில் அடியில் மாவு தங்கி, மேலே தெளிந்த தண்ணீர் நின்றது.

"சூட்டுல கெட்டது இப்படிப் பிரியாது. இது உறைஞ்சு உருகின மருந்து. உறையும்போது உள்ள விரிஞ்சு கண்ணாடியைப் பிளந்திருக்கு. அதான் மூடி நசுங்கல. ஐஸா இருந்த வரைக்கும் விரிசல் தெரியல. கரண்ட் போனதுல இளகி வழிஞ்சிருக்கு. யாரும் கீழ போடல. யாரோ ஃபிரீஸர்ல வச்சிருக்காங்க."

"யாரு?"

"கெடுக்க நினைச்சவங்க தேதி பார்த்து அடுக்கிவைக்க மாட்டாங்க. டிகிரி எழுதிட்டுப் போக மாட்டாங்க. இது நேத்து பாடத்தை மனசுல வாங்கினவங்க செஞ்ச வேலை. பாக்கியநாதன் அண்ணன் கிளாஸுக்கே வரல. காலைல ஏழேகாலுக்கு அவர் பூசையில இருந்தாரு, சாவி இங்க இருந்துச்சு. டோரதி சிஸ்டருக்கு இந்த மருந்து உறையக் கூடாதுன்னு தெரியும், பாடத்தை எழுதினதே அவங்கதான். அப்போ, வகுப்புல உட்கார்ந்தவங்க, அடுத்த பாடத்தை இன்னும் கேட்காதவங்க." லூர்துராணியின் குரல் தணிந்தது. "அந்த அட்டையில இருக்கிற மூணும், உன் நோட்டுல இருக்கிற மூணும் ஒரே கையெழுத்து, கமர். கொம்பு வச்ச மூணு."

கமர் ஜஹான் எழுந்தாள். முகத்தில் பயத்தைவிடக் குழப்பம்தான் இருந்தது.

"ஆமாக்கா, நான்தான். பேப்பர்ல கரண்ட் போகும்னு பார்த்தேன். வெயில்ல கெட்டுப் போயிடக் கூடாதேன்னு நேத்து சாயங்காலமே அண்ணன்கிட்ட சாவி கேட்டு வாங்கினேன். ஃபிரீஸர்ல ரெண்டு பெட்டிதான் பிடிச்சுது. காலைல கல்லு மாதிரி ஆனதும் கீழ்த்தட்டுல எடுத்து வச்சா, பக்கத்துலே இருக்கிறதையும் சேர்த்துக் காக்கும்னு நினைச்சு, பாடத்துல சொன்னபடி பிரிச்சு அடுக்கினேன். சாவி கொடுத்தது தெரிஞ்சா அண்ணனுக்கு பென்ஷன் நேரத்துல தொல்லை, அதான் வாயைத் திறக்கல. நான் காப்பாத்தினேன்னு நினைச்சேன்க்கா... யா அல்லா, கெடுத்தது நானா?"

பாக்கியநாதன் தலை குனிந்தார். டாக்டர் ஸ்தனிஸ்லாஸ் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

"ஒரு வட்டாரத் தலைமை நர்ஸ், அடிப்படை விதிகூடத் தெரியாம..."

"தெரிஞ்சிருக்கும் டாக்டர்," என்றாள் லூர்துராணி. கையிலிருந்த தாளை அவர்முன் வைத்தாள். "வியாழக்கிழமை நாலு மணி பாடம். தலைப்பைப் படிங்க."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். 'குளிரும் கெடுக்கும்: உறைய விடக்கூடாத மருந்துகள்.' நேற்று நாலு மணிக்குத் தான் எங்கே நின்றிருந்தோம் என்பது அவருக்கு நினைவு வந்தது. தாளை அவர் இரண்டு முறை மடித்தார், மறுபடி பிரித்தார்.

"இந்தப் பாடத்தை எடுக்க எவ்வளவு நேரம் ஆகும் சிஸ்டர்?"

"முக்கால் மணி, டாக்டர்."

"நான் ஒன்றரை மணி பேசியிருக்கேன்." கண்ணாடியைக் கழற்றினார். "அறுபதையும் கொட்டத்தான் வேணுமா?"

"வேண்டாங்க," என்றாள் டோரதி. எழுந்தபோது அவள் குரலில் பழைய தெம்பு வந்திருந்தது. "உறைஞ்சது இருபதுதான். கலந்து போயிடுச்சு, அவ்வளவுதானே? குலுக்கினா தெரிஞ்சுடும். உடைஞ்சது போக ஐம்பத்தொன்பது குப்பி, இருபத்திரண்டு பேர் கை."

"பாடத்தை யார் எடுக்கிறது?"

டோரதி சாக்கட்டியை கமர் ஜஹானிடம் நீட்டினாள். "இதை இனி ஜன்மத்துக்கும் மறக்காத ஆள் இவங்கதான்."

கமர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கரும்பலகைக்குப் போனாள். முதல் வரி கோணலாக விழுந்தது. மூன்றாவது வரி நேராகிவிட்டது. முதல் பெஞ்சில், நர்சுகளுக்கு நடுவே, டாக்டர் ஸ்தனிஸ்லாஸ் ஒரு குப்பியைக் குலுக்கிக்கொண்டிருந்தார். வாசல்பக்கம் தயங்கி நின்ற பாக்கியநாதனும் ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முப்பது வருஷத்தில் முதல் பாடம்.

மாலை 6.20. கெட்டவை பத்தொன்பது, நல்லவை நாற்பது. குப்பிக்குப் பத்துப் பிள்ளைகள் என்றால் நானூறு பிள்ளைகள். தொட்டியத்தின் மூன்று தெருக்களுக்கும் போதும், மிச்சமும் இருக்கும்.

அடுத்த நாள் வகுப்பு முடிந்ததும் லூர்துராணி கிளம்பினாள். ஆடிப்பெருக்குக் கூட்டத்தில் பஸ் கிடைப்பதே பாடு என்பதால் டாக்டர் தன் ஜீப்பையே அனுப்பியிருந்தார். ஐஸ் பெட்டியை கமர் ஜஹான்தான் கட்டினாள். அடியில் ஐஸ். அதன்மேல் மருந்து வைக்கப் போனவள் நிறுத்தி, பழைய பேப்பர் ஒன்றை எடுத்து நாலாக மடித்து நடுவில் விரித்தாள்.

"ஐஸ் மேல படக் கூடாதுல்லக்கா."

லூர்துராணி எட்டிப் பார்த்தாள். வியாழக்கிழமைப் பேப்பர். மடிப்பில் மின்தடை அறிவிப்பு பாதி தெரிந்தது.

"சரியான பேப்பராத்தான் பார்த்து எடுத்திருக்கே," என்று சிரித்து, பெட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். ஜீப் காவிரிக்கரைப் பாதையில் முக்கொம்பைப் பார்த்துத் திரும்பியது.