கோபுரத்துக்குள் போன இருபது பேர்

உள்ளே போனவர்கள் இருபது பேர். வெளியே வந்தவர்கள் இருபத்தொரு பேர். தொடர்ந்து ஒன்பதாவது நாளாக இப்படி. ஆனால் அலமாரிக்குத் திரும்பிய மஞ்சள் ஹெல்மெட்டுகள் இருபதுதான்.

பாலத்தின் கோபுரத்தைச் சுற்றிக்காட்டும் வழிகாட்டிக்கு வெறுத்துப்போனது. இன்னொரு முறை எண்ணிக்கை தவறினால் வேலைக்கு வர வேண்டாம் என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

மறுநாள் மனைவியே துணைக்கு வந்தாள்.

"இருபது வரைக்கும் எண்ணத் தெரியாதவரையா எனக்குப் பாத்துக் கட்டி வெச்சாங்க? நீங்க முன்னாடி போங்க. நான் கடைசி ஆளா வர்றேன்."

அவளோடு சேர்த்து இருபது பேர். மழைக்காக எல்லோருக்கும் தலையை மூடும் சாம்பல் நிற அங்கி, அதன்மேல் ஹெல்மெட்.

உள்ளே, நூறு வருடமாகக் காயாத சுவரின் ஈரவாடை மூக்கில் ஏற, எங்கிருந்தோ சொட்டும் நீர் சுழல்படிகளின் இருட்டில் அவர்களுக்கு முன்னால் ஒரு முறையும் பின்னால் ஒரு முறையும் கேட்டது. பாதிவழியில் அவன் தினமும் சொல்லும் கதையைச் சொன்னான். கோபுரம் கட்டும்போது ஈரக் கான்கிரீட்டுக்குள் ஒரு தொழிலாளி விழுந்தான். வேலையை நிறுத்தாமல் அவன் மேலேயே ஊற்றிவிட்டார்கள். இதைக் கேட்கத்தான் எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். வரிசையாகச் சுவரில் காதை வைத்தார்கள். படம் எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் சுவரைத் தட்டி, உள்ளே சௌகரியமா என்று விசாரித்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

இறங்கியதும் அவன் வாசலில் நின்று எண்ணினான். இந்த முறை ஹெல்மெட்டுகளைத்தான். முகங்களை அல்ல.

பதினெட்டு. பத்தொன்பது. இருபது.

அவ்வளவுதான். படியில் வேறு யாரும் இல்லை.

ஒன்பது நாள் எரிச்சலும் ஒரே மூச்சில் இறங்கியது. இரும்புக் கதவைப் பூட்டினான். மற்றவர்கள் மழையில் சுற்றுலா வண்டியை நோக்கி ஓடினார்கள். கடைசி ஆள் மட்டும் அவன் பக்கத்திலேயே நின்றாள்.

"சரியா இருபது. இப்ப என்ன சொல்ற?"

சாவி இருந்த அவன் கைக்குள் ஒரு கை நுழைந்தது. சில்லென்று. மழை ஈரம் என்று நினைத்தான்.

கதவு உள்ளிருந்து தட்டப்பட்டது.

"ஏங்க, ஏன் பூட்டினீங்க? இருட்டுல யாரோ என் ஹெல்மெட்டக் கழட்டிட்டுப் போயிட்டாங்க. நான் இன்னும் வெளிய வரலயே."

மனைவியின் குரல்.

அவன் பக்கத்தில் பார்க்கவில்லை. கையை இழுத்தான். வரவில்லை. கீழே பார்த்தான். விரலிடுக்குகளில் சாம்பல் நிறக் குழம்பு மெல்ல வழிந்து, சாவியை மூடி, மணிக்கட்டு வரை ஏறியிருந்தது.

அது இறுகத் தொடங்கியது.